அரக்கோணம் கிடங்கு

— நூத்திப் பன்னெண்டு ஆச்சுக்கா.

— நூத்திப் பதினொண்ணு. ஒண்ணு ஏத்திச் சொல்ற பாரு. இருவத்திரண்டு வருசம் ஜவுளிக் கடையில பொடவ விரிச்சவன் கையில முருகன் படிய எண்ணக் குடுத்தாலும் வெலய ஏத்தாம விடமாட்டான் போல.

— சரிக்கா, நூத்திப் பதினொண்ணு. உங்களுக்காகக் கொறச்சிக்கிறேன்.

— எனக்காவ ஒண்ணும் கொறைக்காத. முருகன் எண்ணிகினு இருக்கான். மஞ்சக் கிண்ணத்த இப்படித் தள்ளு. ஆங். இப்ப குங்குமம். சூடம் குடு.

— இந்தாங்க. முந்நூத்தி அறுவத்தஞ்சு படிக்கும் குனிஞ்சு மஞ்ச பூசி, பொட்டு வெச்சு, சூடம் ஏத்தி... முட்டி தாங்குமா சுலோச்சனாக்கா? மேல வரைக்கும் ஆட்டோ போவுது.

— படி பூஜைன்னு வேண்டிகினேன், படியிலதான் போவணும். என் முட்டிய விடு கஜபதி. ஆடிக் கிருத்திகைக்கு எட்டே நாளு கீது. கடையில நிக்க வேண்டிய நீ காலங்காத்தால என் கூடையத் தூக்கிகினு பின்னாடியே வர. இன்னா சமாச்சாரம்?

— அக்கான்னு ஒரு மரியாதைதான்.

— போன மாசம் எங்க போச்சு அந்த மரியாத? சரி, தூக்கிகினு வா. அடியில மஞ்சத் துணியில ஒண்ணு கட்டி வெச்சிருக்கேன் பாரு, அத மட்டும் தொடாத. அது சாமி காலுல வெக்கிறது.

— தொடலக்கா. கனமா இருக்குதேன்னு பாத்தேன். இன்னா வேண்டுதலு?

— சொன்னா பலிக்காது. நீ சொல்ல வந்தத சொல்லு.

— சுத்தி வளைக்காம சொல்லிடறேன். நீங்க திரும்பக் கடைக்கு வரணும்.

— எந்தக் கடைக்கு?

— எங்க கடைக்குதான். வரதராஜன் ஜவுளிக்கு.

— அங்க எனக்கு இன்னா வேல? என்னதான் செவப்பு போட்டுட்டீங்களே.

— அது... யாரு சொன்னாங்க?

— பில்லு போடற பொண்ணு முஹ்சினா. போன் நம்பரச் சொன்னேன், தட்டினா, தட்டினதும் மூஞ்சி மாறிப்போச்சு அந்தப் பொண்ணுக்கு. எட்டிப் பாத்தேன். என் பேருக்குப் பக்கத்துல செவப்பா ஒரு பொட்டு. "இன்னாம்மா, சாமி குங்குமமா?"ன்னு கேட்டேன். பொய் சொல்லத் தெரியாத பொண்ணு, அழுவறாப்புல ஆயிட்டா. பொய் சொல்லத் தெரியாதவள கல்லா பக்கம் வெக்கலாமா நைனா? படி பாத்து வை, வழுக்குது.

— அது நம்ம மொதலாளி மவன் எழிலன் தம்பி கொண்டாந்தது. பெரியவரு முட்டி ஆபரேசன்னு வீட்டுல ஒக்காந்ததும், மெட்ராசுல படிச்சுட்டு வந்து கம்ப்யூட்டர் வெச்சாரு. அதாவதுக்கா, அதோட சூச்சுமம் இன்னான்னா...

— ஆங், சொல்லு. எனக்கும் தெரியணும்.

— ஒவ்வொரு நம்பருக்கும் அது மூணு பாக்கும். எவ்ளோவுக்கு வாங்கினாங்க, தள்ளுபடியில வாங்கினாங்களா முழு வெலைக்கு வாங்கினாங்களா, எத்தினி தடவ மாத்த வந்தாங்க. நல்லா வாங்கறவங்களுக்குப் பச்ச. சுமாரா வாங்கறவங்களுக்கு மஞ்ச. ஆடித் தள்ளுபடிக்கு மட்டும் வர்றவங்க, கேட்டுக் கேட்டு கொறைக்கிறவங்க செவப்பு. செவப்ப கண்டாலே விக்கிற பையன் அவங்களுக்காவ அரை மணி நேரம் செலவு பண்ணக் கூடாது.

— நான் எம்மா நேரம் ஆக்குவேன்?

— ஒரு நானூத்தம்பது ரூவா பொடவைக்கு ரெண்டு மணி நேரம் அம்பது நிமிசம். எழிலன் தம்பி கேமராவுல பாத்து எழுதி வெச்சிருக்காரு. மொத்தக் கடையில நீங்கதான் பஸ்ட்டு.

— பச்சைக்கு இன்னா செய்வீங்க?

— நாற்காலி. ஃபேனு. பாதாம் பாலு, ஐஸ் போட்டு. ரயில்வே கார்டு ஐயா வீட்டம்மா வருவாங்களே அரக்கோணத்துலேர்ந்து, அவங்களுக்கு பாலோட முந்திரியும்.

— அந்தம்மா வெல கேக்குமா?

— பொடவையத் திருப்பிக்கூட பாக்க மாட்டாங்கக்கா. பால குடிச்சிகினே "ரெண்டும் கட்டிடு"ன்னுவாங்க.

— வெல கேக்காம ஐநூறு ரூவா ஜாஸ்தி குடுத்து ஒரு கிளாசு பாலு. அவங்க வயித்துக்கு அது நல்லதாவே இருக்கட்டும். செவப்புக்கு?

— செவப்புக்கு... தண்ணி இருக்கும். ஓரமா. கேட்டா.

— கேட்டாதான? நாற்காலி?

— அதெல்லாம் "இப்பதான் தொடச்சி வெச்சிருக்கு"ன்னு சொல்லிடணும். கேக்கற கலரு இருந்தாலும் இல்லன்னு...

— முழுசா சொல்லு. ஏன் முழுங்கற?

— அரக்கோணம் கெடங்குல இருக்குதுன்னு சொல்லிடணும். நாளைக்கி வாங்கன்னு.

— அதத்தான் கேக்கணும்னு இருந்தேன். என் தம்பி பொண்ணு வளைகாப்புக்கு பச்சப் பொடவ, கடுகு கலர் பார்டரு கேட்டேன். நீதான சொன்ன, அரக்கோணம் கெடங்குல கீதுன்னு? மறுநாளு வந்தேன். "லோடு வரல"ன்ன. அடுத்த நாளு வந்தேன். "லாரி பஞ்சரு"ன்ன. மூணாம் நாளு, பாவம் இவனுங்களும் இன்னாதான் பண்ணுவாங்கன்னு நானே ரயிலேறி அரக்கோணம் போனேன்.

— அய்யோ, போனீங்களா?

— போனேன். உச்சி வெயிலு. டேசன்லேர்ந்து பஜாரு, பஜாருலேர்ந்து பழனிப்பேட்ட. கடக் கடையா கேட்டேன், திருத்தணி வரதராஜன் ஜவுளிக் கெடங்கு எங்க கீதுன்னு. ஒரு லுங்கிக் கடை பாயி சிரிச்சாரு. "யம்மா, அவங்களுக்கு இங்க கெடங்கு கெடையாதும்மா. உன்ன தொரத்தி விட்டிருக்காங்க, அது உனக்குப் புரியல"ன்னாரு. அப்பறம் சிரிச்சதுக்கு வருத்தப்பட்டு ஒக்கார வெச்சு மோரு குடுத்தாரு. ஒண்ணும் வாங்காதவளுக்கு மோரு. நூத்தி முப்பத்தி நாலு.

— நூத்தி முப்பத்தி நாலு. ஒத்துக்கிறேன். அக்கா, எங்க கடை ஆரம்பிச்சு நாப்பது வருசத்துல அரக்கோணம்னு எத்தினி பேருகிட்ட சொல்லியிருப்போம்! ஒருத்தரும் ரயிலேறிப் போயி தேடினது இல்ல. நீங்க ஒருத்தருதான்.

— நான் சொன்னத நம்பறவ. அதான் கொறையா?

— கொறையில்லக்கா. அதுல இருக்கிற சூச்சுமத்த மட்டும் சொல்லிடறேன், அப்பறம் திட்டுங்க. "இல்ல"ன்னு சொன்னா வந்தவங்களுக்குக் கோவம் வரும், எதுத்த கடையில போயி சொல்லுவாங்க. "இருக்குது, ஆனா இங்க இல்ல"ன்னு சொன்னா கோவம் வராது. நம்மள திட்ட முடியாது பாருங்க, ரயிலதான் திட்டணும். நாளைக்கின்னதும் பாதிப் பேரு வர மாட்டாங்க. மானமும் போவல, நேரமும் போவல.

— நல்லாதான் கீது. யாரு கண்டுபிடிச்சது?

— பெரியவரு. ஆனா அவரு உங்ககிட்ட அத ஒரு நாளும் சொல்ல விட்டதில்ல, தெரியுமா?

— ஏன்?

— அதுக்குதான் வந்தேன். நீங்க வராம முப்பத்தி நாலு நாளு ஆவுது. கடை படுத்துடுச்சு.

— நான் வராததாலயா? மாசத்துக்கு ஒரு பொடவ எடுக்கிறவ. என்னால படுக்கிற கடைன்னா அது படுத்துகினேதான் இருந்திருக்கும்.

— நீங்க எடுக்கிற பொடவையில எங்களுக்கு ஒண்ணுமில்லக்கா. சொல்லப் போனா சில தடவ நஷ்டம். லாபம் உங்க பின்னாடி நின்னுகினு இருந்துச்சு.

— என் பின்னாடியா?

— நீங்க நடு மேசையில நின்னு வெல பேசுவீங்க இல்ல? பின்னாடி பாத்திருக்கீங்களா? அஞ்சு பேரு, ஆறு பேரு, சும்மா துணியத் தடவறாப்புல நின்னுகினு இருப்பாங்க. ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. நீங்க அறுநூத்தித் தொண்ணூறு ஸ்டிக்கர கொறச்சு, நான் பெரியவரப் பாத்து, பெரியவரு தலையில கைய வெச்சு, நீங்க கெளம்பிப் போறாப்புல போயி, நான் வாசல் வரைக்கும் வந்து கூப்புட்டு... கடைசியில நானூத்தம்பதுன்னு நீங்க "சரி, கட்டு"ன்னு சொல்லுவீங்க. சொல்லி முடிக்கல, பின்னாடி நிக்கிறவங்க ஆறு பேரும் "எனக்கும் அதே வெலைக்குக் குடு"ன்னுவாங்க. ஒரு வார்த்த பேசாம. ஒரு மத்தியானத்துக்கு நாப்பது பொடவ போவும்.

— எனக்கும் காதுல வுழும். "அந்தம்மா எடுத்த வெல"ன்னு சொல்லிக்குவாங்க.

— அதேதான்! இப்ப எழிலன் தம்பி ஒரே வெலைன்னு போர்டு மாட்டிட்டாரு. ஐநூத்தித் தொண்ணூத்தி ஒம்பது. பொம்பளைங்க வராங்க, கிருத்திகைக்கு மஞ்சப் பொடவ எடுக்கறாங்க, பாக்கறாங்க, "சுலோச்சனாக்கா இத இன்னா வெலைக்கு எடுத்தாங்க?"ன்னு கேக்கறாங்க. "அவங்க இன்னும் எடுக்கல"ன்னா, "அவங்க எடுத்தப்பறம் வரோம்"னு வெச்சுட்டுப் போறாங்க.

— அப்ப நானூத்தம்பதுன்னே ஸ்டிக்கரு ஒட்ட வேண்டியதுதான?

— ஒட்டினா நம்ப மாட்டாங்கக்கா. முந்நூத்தம்பதுக்குக் கேப்பாங்க. கடைக்காரன் எழுதினது வெல இல்ல. கண்ணுக்கு எதிர்ல ஒருத்தி ரெண்டே முக்கா மணி நேரம் சண்ட போட்டு, தொண்ட காஞ்சு, அதுக்கு மேல எறங்காதுன்னு நிக்குது பாருங்க, அதுதான் வெல. இத பெரியவரு எனக்கு ஒரே வரியில சொன்னாரு. "கஜபதி, சுலோச்சனா வந்தா நடுவுல நிக்க வை, ஓரத்துல இல்ல"ன்னு. நாற்காலி மட்டும் குடுக்காத, நின்னுகினே பேசினாதான் தூரத்துல இருக்கறவங்களுக்கும் தெரியும்னுட்டாரு.

— அடப்பாவிங்களா. பதினோரு வருசமா நான் நின்னது அதுக்காவவா?

— கோவமா?

— முட்டி வலிக்குது. இப்பதான் காரணம் தெரியுது. அந்த ஸ்டிக்கரு, அறுநூத்தித் தொண்ணூறு, எனக்குன்னு தனியா ஒட்டுவீங்களா?

— ஆங்... நீங்க பஸ் ஸ்டாண்டு பக்கம் வர்றத பாத்ததும் ஒட்டுவோம். சில சமயம் கோந்து காயாது.

— தெரியும். வெரலுல ஒட்டும்.

— தெரியுமா? தெரிஞ்சுமா பேசினீங்க?

— நான் அம்மையார்குப்பத்துல பொறந்தவ நைனா. எங்கூட்டுல தறி சத்தத்துலதான் பால் குடிச்சேன். நூலத் தொட்டா எத்தினி கூலி, எத்தினி சாயம்னு கையே சொல்லும். நீ எங்க போயி நிப்பேன்னு தெரிஞ்சுதான் பேச ஆரம்பிப்பேன். நூத்தித் தொண்ணூறு ஆச்சு, கொஞ்சம் ஒக்காரலாம். தண்ணி குடு.

— இந்தாங்க. அக்கா, வரீங்களா கடைக்கு? எனக்காவ வாங்க. கிருத்திகைக்குள்ள உங்கள கூட்டினு வரலைன்னா என் வேல போயிடும். எனக்கு அம்பது வயசு. இப்ப எல்லாக் கடையிலயும் சின்னப் பொண்ணுங்களதான் வெச்சுக்கறாங்க. என் பொண்ணு கவிப்பிரியா காலேஜு மூணாவது வருசம். நான் இன்னா பண்ணுவேன்?

— உன்ன தூக்கிடுவானா? உன்னயா? கடையில எந்தக் கட்டுல எந்தப் பொடவ கீதுன்னு உனக்குத்தான தெரியும்?

— கம்ப்யூட்டருக்கும் தெரியுமாம். அக்கா, போனு. தம்பிதான். கைல மஞ்ச, ஸ்பீக்கர்ல போடறேன். அலோ!

— கஜபதி அண்ணே, வாட்ஸ் ஹேப்பனிங்? அந்த லேடி ஒத்துக்கிட்டாங்களா இல்லியா? பேசிக்கா எனக்கு ஒரு எஸ் ஆர் நோ வேணும். கிருத்திகைக்குள்ள அவங்க கடையில ஒக்காந்திருக்கணும். இல்லன்னா நீங்க வீட்டுல ஒக்காந்திருப்பீங்க, சொல்லிட்டேன்.

— தம்பி, ஸ்பீக்கர்ல இருக்குது...

— ஓ. ஓகே ஓகே. ஆன்ட்டி, வணக்கம். எப்படி இருக்கீங்க?

— செவப்பா கீறேன் தம்பி.

— ஆன்ட்டி, அது நான் இல்ல, சாஃப்ட்வேர். பேசிக்கா நீங்க எங்களோட இன்ஃப்ளூயன்சர். அத டேட்டாவுல நான் மிஸ் பண்ணிட்டேன். சாரி.

— சாரின்னா? பொட்ட அழிச்சிடுவியா?

— அழிக்க முடியாது ஆன்ட்டி. நீங்க மூணு மாசம் முழு வெலைக்கு வாங்கினா அதுவா பச்சையாயிடும்.

— நல்ல கதையா கீதே. சரி, நாற்காலி வேணும். நடு மேசையில, ஃபேனுக்கு அடியில.

— டன்.

— பாதாம் பாலு. பச்சைங்களுக்குக் குடுக்கறதே, கிளாசு சின்னதாக் கூடாது. முந்திரியும்.

— டன் ஆன்ட்டி.

— எத்தினி மஞ்சப் பொடவ கட்டி வெச்சிருக்க தம்பி, நான் வந்து வித்துக் குடுக்கறதுக்கு?

— தொள்ளாயிரம் பீஸ். கிருத்திக முடிஞ்சா அதெல்லாம் வேஸ்ட் ஆன்ட்டி, அடுத்த வருசம்தான்.

— யாருகிட்ட எடுத்த?

— பொதட்டூர்பேட்ட பரசுராமன்.

— நல்ல தறிதான். அவரு உனக்கு இன்னா வெலைக்குக் குடுத்தாரு? கேக்கறதுல இன்னா குத்தம்? நான் எதுல நின்னா உனக்கு நஷ்டம் வராதுன்னு தெரியணும் இல்ல?

— முந்நூத்திப் பத்து ஆன்ட்டி. ரெண்டு மாசம் கடன்ல.

— முந்நூத்திப் பத்தா. கடன்லயா. சரி தம்பி, யோசிச்சு சொல்றேன். மேல ஏறணும்.

— சீக்கிரம் சொல்லுங்க. அண்ணே, கால் மீ.

— வெச்சுட்டாருக்கா. இவரு இன்னா இப்படி வாங்கின வெலயச் சொல்லிட்டாரு! பெரியவரு பொண்டாட்டிகிட்ட கூட சொல்ல மாட்டாரு.

— நான் கேட்டேன், குடுத்தாரு. மஞ்சக் கிண்ணம்.

— ஆனாலும் அக்கா, ஒங்க வாய்ல இருக்குற சூச்சுமம் எங்க யாருக்கும் வராது.

— உனக்கு வரும். ஒண்ணு சொல்லு, சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். என்ன மாதிரி ஒருத்தி, பின்னாடி கூட்டத்தோட வர்றவ வேற. பின்னாடி யாரும் இல்லாம, சும்மா நேரத்தத் தின்னுட்டுப் போறவ வேற. உள்ள நொழையும்போதே எப்படி கண்டுபிடிப்ப?

— அது கண்ணுலயே தெரியுங்கக்கா. பொடவையப் பிரிக்கறதுக்கு முன்னாடி வெல கேக்கறவ வாங்க மாட்டா. பிரிச்சப்பறம் கேக்கறவ வாங்குவா. வெளிச்சத்துக்கு எடுத்துகினு வாசலுக்குப் போறா பாருங்க, அவளுக்குத் துணி தெரியும், அவகிட்ட பேசலாம். "சும்மா பாக்கத்தான் வந்தேன்"னு சொல்றவதான் கடைசியில பெரிய கட்டா வாங்கினு போவா. "எங்க மாமியாரு இருவது எடுக்கணும்னு சொன்னாங்க"ன்னு ஆரம்பிக்கிறவ ஒண்ணுகூட எடுக்க மாட்டா. அவளுக்குதான் அரக்கோணம்.

— மெதுவா சொல்லு. எரநூத்தி எழுவது.

— எரநூத்தி எழுவது. பாருங்க, நீங்க கேட்டா நான் சொல்லிகினே இருக்கேன். வீட்டுல கவிப்பிரியா காதப் பொத்திக்குவா. கடையில இத எல்லாம் ஒரு நாளும் யாரும் கேட்டதில்ல.

— கேக்காதவன் மொதலாளி, கேக்கறவ செவப்பு. உன் கடை நல்லா இருக்கட்டும். அப்பறம், மேல் தட்டுல எத வெப்பீங்க, கீழ் தட்டுல எத வெப்பீங்க?

— கண்ணு மட்டத்துல லாபம் ஜாஸ்தி உள்ளது. குனிஞ்சு எடுக்கற எடத்துல வெல கம்மியானது. குனியறதுக்கு கஷ்டப்படறவங்க மேலயே எடுத்துட்டுப் போயிடுவாங்க. நீங்க எப்பவும் குனிவீங்க.

— இப்பவும் குனிஞ்சுகினுதான் கீறேன். சூடம்.

— இந்தாங்க. அக்கா, படி முடியப் போவுது. பதில் சொல்லாமயே ஏத்திகினு வந்துட்டீங்களே.

— முந்நூத்தி அறுவத்தி மூணு. முந்நூத்தி அறுவத்தி நாலு. கடைசி சூடம் எங்க? கந்தா, எல்லாப் படியும் ஏறிட்டேன்பா. நீ மட்டும் பேரம் பேசாத.

— அரோகரா!

— அரோகரா. இப்ப அந்த மஞ்சத் துணிய எடு. மெதுவா. அவுரு.

— இவ்ளோ கனம் இன்னாதான்... பத்திரிகையா? கல்யாணமாக்கா? வீட்டுல யாருக்கு? சொல்லவே இல்லியே!

— படிச்சுப் பாரு. மொத பத்திரிக முருகனுக்கு. ரெண்டாவது உனக்கு, தூக்கிகினு வந்த கூலி.

— "வேலும் மயிலும் துணை. நிகழும் ஆடி மாதம், கிருத்திகைக்கு முதல் நாள் காலை, திருத்தணி பஜாரில், ரசூல் பாய் அவர்களின் பழைய தையல் கடை இருந்த இடத்தில்"... எங்க கடைக்கு நேர் எதிர்ல!

— ஆங். பாய் வாடக கொறச்சுதான் குடுத்தாரு. மேல படி.

— "சுலோச்சனா எடுத்த விலை"... கடை பேரா இது?

— ஊரே அத்த கேட்டுகினு கீதுன்னு நீதான சொன்ன? நான் இருவது நாளு முன்னாடியே அச்சடிக்கக் குடுத்துட்டேன், தப்பா வெச்சுட்டமோன்னு மனசு அடிச்சுகினு இருந்துச்சு. நூத்திப் பதினொண்ணாம் படியிலேர்ந்து நீ பேசினதுல தைரியம் வந்துச்சு.

— "கிருத்திகை மஞ்சள் புடவைகள், கைத்தறி, லுங்கி வகைகள். ஒரே விலை. பேரம் கிடையாது." அக்கா! நீங்களா? பேரம் கெடையாதுன்னு நீங்களா போடறீங்க?

— அதான் நான் ஏற்கெனவே பேசி முடிச்சுட்டேனே. வர்றவங்க எதுக்கு இன்னொரு தடவ பேசணும்? பரசுராமன் எனக்கு முந்நூத்தி நாப்பதுன்னு சொல்லிகினு இருந்தாரு. சாயந்தரம் போயி முந்நூத்திப் பத்துன்னு நிப்பேன். நான் ரொக்கம் வேற. எரநூத்தித் தொண்ணூறுக்கு வருவாரு.

— மூணு மணி நேரம். மூணு மணி நேரமா என் தொழில் சூச்சுமம் எல்லாத்தையும் எடுத்துப் பாத்து, பிரிச்சுப் பாத்து, கடைசியில எங்கிட்ட ஒண்ணும் வாங்காம எழுந்துட்டீங்க.

— யாரு சொன்னா வாங்கலன்னு? உன்ன எடுத்துக்கறேன். எவ்ளோ தரான் உனக்கு?

— என்னயா? மாசம் பதினாலாயிரம்.

— பதினொண்ணு.

— அக்கா! பேரம் கெடையாதுன்னு இப்பதான படிச்சேன்!

— அது விக்கறதுக்கு நைனா. வாங்கறதுக்கு இல்ல.

— இருவத்திரண்டு வருசம்க்கா. பொண்ணு பீசு இருக்குது. பதினாலுக்குக் கொறஞ்சா முடியாது.

— பன்னெண்டு. ஞாயித்துக்கெழம மதியம் மேல லீவு. நீ நிக்க வேணாம், உனக்கு ஒரு நாற்காலி. உன் மொதலாளி குடுக்காதது.

— பதிமூணரை.

— கூடையக் குடு, நான் எறங்கறேன்.

— இருங்கக்கா, இருங்க. போறாப்புல போறீங்க, நான் வாசல் வரைக்கும் வரணும், அதான?

— தெரிஞ்சுகினுதான பேசற.

— பதிமூணு. முருகன் சந்நிதியில கேக்கறேன்.

— பதிமூணு. சரி, கட்டு.

— கட்டிட்டேன். எனக்கு அழறதா சிரிக்கறதான்னு தெரியல. எழிலன் தம்பிகிட்ட இன்னா சொல்றது?

— உண்மையச் சொல்லு. நான் கடைக்கு வந்துட்டேன்னு சொல்லு. எந்தக் கடைன்னு அவன் கேக்கட்டும். இரு, எனக்கு போனு. மஞ்சக் கையி, காதுல வெய்யி.

— யாருக்கா?

— என் வாட்ஸப்புல பொடவ போட்டோ போட்டு வெச்சேன், மூணு நாளா அதப் பாத்துகினு ஒருத்தி. அலோ, பங்காருவா? சொல்லும்மா. ஆங், மஞ்சளுதான், சின்ன பார்டரு. நானூத்தி இருவது. இல்லம்மா, ஒரே வெல. முந்நூத்தி எம்பதா? எங்கூட்டுல தறி ஓடுதுன்னா சும்மாவா ஓடுது? யாரு, மாமியாரா? இருவது எடுக்கணும்னு சொன்னாங்களா? ஓகோ... இருவதா...

— அக்கா, மாமியாருன்னுட்டாளா?

— பங்காரு, அந்த பார்டரு இங்க இல்லியேம்மா. அரக்கோணம் கெடங்குல கீது. நாளைக்கி வாயேன்.